மலையைத் திருப்பி அறுத்த கதை

முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவள் கையில் ஒரு ரம்ப மிஷினைக் கொடுத்தால் அவள் அதையும் தையல் மிஷின் என்றுதான் நினைப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததில் பாதி சரிதான். மீதிப் பாதி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் மிஷின் வந்த விதம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மா ஒருவர் என்னிடம்தான் துணி தைக்கக் கொடுப்பார். தொளதொளவென்று ஒரு பைஜாமா, இரண்டு பக்கமும் ஆழமாகப் பை. அவ்வளவுதான் அவர் கேட்பது. லூஸ், டைட் என்று ஒரு வார்த்தை வராது. தைத்ததைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவர் வீட்டு வராந்தாவில் இந்த மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். மெல்லிய பலகையில் யானை, மீன், ஆமை என்று அறுத்து, அதையே துண்டு துண்டாகப் பிரித்து, குழந்தைகள் சேர்த்து விளையாடக் கொடுப்பார். நான் கையில் துணிப்பையோடு நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சியை விட மெல்லிய ஒரு பிளேடு. மேலும் கீழும் அதே ஓட்டம். துணியை அழுத்திப் பிடிக்க எங்கள் மிஷினில் ஒரு கால் இருக்கிறதே, அதே மாதிரி மரத்தை அழுத்திப் பிடிக்க இதற்கும் ஒரு கால். பெயர் ஸ்க்ரோல் சா என்றார். எனக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை, ரம்ப மிஷின் என்றே சொல்லிக்கொண்டேன்.

தங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்காரர்கள் இங்கே சாமான்களை விற்றுவிட்டுப் போவது வழக்கம். சைக்கிள், மிக்ஸி, கொசுவலை எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேயே கை மாறும். இவரும் எல்லாவற்றையும் விற்றார், மிஷினை மட்டும் விற்கவில்லை. "நீங்க பார்த்த மாதிரி யாரும் பார்க்கலை" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, பிளேடு, கையால் சுற்றுகிற டிரில், மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாள் எல்லாம் இருந்த ஒரு பெட்டியையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னமும் வீட்டில் யார் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். மிஷின் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும், "இன்னாடி இது, இனிமே கட்டைல ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றார்.

"தைச்சாலும் தைப்பேன். கட்டை ஒண்ணும் வந்து கை டைட்டா இருக்குன்னு சொல்லாது" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் நான் தையலையே விட்டிருந்தேன். முட்டி வலி என்று வெளியில் சொன்னேன். உண்மையில் எனக்குச் சலித்துவிட்டது. மூன்று முறை பிரித்துத் தைத்துக் கொடுத்த பிறகும், "அக்கா, கழுத்து இன்னும் கொஞ்சம் எறக்கம் கம்மி பண்ணணும்" என்று வந்து நின்ற ஒரு அம்மாவிடம் துணியை மடித்துக் கையில் கொடுத்து, "வேற கடை பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு போர்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். என் கோபம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: குறை சொல்கிறவர்களோடு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியும். திட்டலாம், சமாதானம் பேசலாம், திரும்பத் தைத்துக் கொடுக்கலாம். குறையே சொல்லாதவர்களோடு எப்படி இருப்பது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் மருமகள் அந்த வகை.

அடி அண்ணாமலைப் பெண். மலையைச் சுற்றுகிற பாதையில் எங்கள் வீடு கிழக்கே, ஊருக்குள், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில். அவர்கள் வீடு அப்படியே மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே. விவசாயக் குடும்பம். கல்யாணம் ஆனதும் மகன் ஓசூருக்குத் தன் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டான். இவளுக்கு பி.எட். முடிக்க ஒரு வருடம் பாக்கி இருந்ததால் எங்களோடு இருந்து இங்கேயே காலேஜுக்குப் போனாள். ஆக, என் மகன் அவளோடு இருந்ததை விட நான்தான் அவளோடு ஜாஸ்தி இருந்தேன்.

நல்ல பெண். அதுதான் பிரச்சினை. காலையில் எழுந்தால் வாசல் தெளித்திருக்கும். சாம்பார் எப்படி இருக்கிறது என்றால், "நல்லா இருக்குங்க அத்தை." உப்பு போட மறந்த அன்றைக்கும், "நல்லா இருக்குங்க அத்தை." டிவியில் எதை வைத்தாலும் அதைப் பார்ப்பாள். ரிசப்ஷனுக்கு நான் தைத்த ஜாக்கெட்டில் கை பிடித்துவிட்டது. நானே அளவெடுத்து, நானே தைத்து, நானே சொதப்பியது. அவள் சாயந்திரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கழற்றும்போது பார்த்தால் கையில் சிவப்பாக ஒரு வளையம். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "பரவால்லைங்க அத்தை, நல்லாதான் இருந்துச்சி" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. லாட்ஜில் தங்க வந்தவள் மேனேஜரிடம் பேசுவது மாதிரி என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் அப்படியே போனது.

பரீட்சை முடிந்தது. மகன் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான். பௌர்ணமிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவது என்று நாள் குறித்தார்கள். அவள் பெட்டி கட்ட ஆரம்பித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. ஒரு வருடம் ஒரே சமையலறையில் நின்றிருக்கிறோம். அவளுக்கு என்னைப் பிடிக்குமா, இல்லை மரியாதை மட்டும்தானா? இது தெரியாமல் அவளை அனுப்பக் கூடாது என்று பட்டது. போய்விட்டால் பொங்கலுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வந்து, "நல்லா இருக்குங்க அத்தை" சொல்லிவிட்டுப் போகிற உறவாகவே நின்றுவிடும்.

நேராகக் கேட்கிற ஆள் நான் இல்லை. கேட்டாலும் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் அவளுக்கு என் கையால் ஏதாவது செய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். துணி வேண்டாம், அந்தக் கை சமாச்சாரத்துக்குப் பிறகு துணியே வேண்டாம். மரத்தில் மலையை அறுத்துக் கொடுப்போம். ஓசூரில் ஹாலில் மாட்டினால் தினம் கண்ணில் படும். அவள் அதை மாட்டுவாளா, பீரோ மேலே போட்டுவிடுவாளா என்பதில் எனக்குப் பதில் கிடைத்துவிடும்.

அதுவரை அந்த மிஷினில் நான் ஒன்றும் செய்ததில்லை. பழைய பெட்டிப் பலகையில் கோடு போட்டு அறுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். அதிலேயே நிறையத் தெரிந்துகொண்டேன். தையலில் பின்பக்கம் இடது கையை வைத்துத் துணியை மெல்ல இழுப்போம். இதில் இழுத்தால் பிளேடு படக்கென்று உடையும். தள்ளவும் கூடாது. அழுத்தித் தள்ளினால் பிளேடு வில்லாக வளைந்து, வெட்டு ஒரு பக்கம் சரிந்துவிடும். மரத்தைக் கோட்டுக்குக் காட்டிக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். பொறுமை எனக்குக் கம்மி. பெட்டியிலிருந்த பிளேடில் பாதியை அப்படித்தான் தீர்த்தேன். ஆனால் மூலை திரும்புவது எனக்குக் கை வந்த கலை. கழுத்துத் தைக்கும்போது ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு துணியை மட்டும் திருப்புவோம் இல்லையா, அதேதான் இங்கேயும். பிளேடை ஓடவிட்டு, தள்ளுவதை நிறுத்தி, பலகையைச் சுழற்றினால் திரும்பிக்கொள்ளும். முதல் தடவை அது சரியாக வந்தபோது, தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மாடியில் நின்று மலையைப் போனில் படம் பிடித்தேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கு இடது பக்கம் ஒரு தோள் மாதிரி புடைத்துக்கொண்டு இருக்கும், வலது பக்கம் நீளமாகச் சரிந்து இறங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற உருவம். ஜெராக்ஸ் கடையில் அதைப் பெரிதாக்கித் தாளில் எடுத்தேன். முன்னால் கோபுரங்களையும் சேர்த்து அறுக்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. அத்தனை பொம்மையும் அத்தனை வளைவும் என் கைக்கு இன்னும் ஆகாது என்று விட்டுவிட்டேன். வெறும் மலை. உச்சியில் தீபத்துக்கு மட்டும் ஒரு துளி அளவுக்கு ஓட்டை.

"கோபுரம் இல்லாம இன்னா மலை?" என்றார் வீட்டுக்காரர். மாதாமாதம் பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர் அவர். "அது கெடக்கட்டும். மலையே சிவன்டி. அதுமேல போய் ரம்பத்த வெக்கறியே."

"கோயில்ல இருக்கற சாமியெல்லாம் உளி படாமயா வந்துச்சி?"

அவர் போய்ச் சூடமும் குங்குமமும் எடுத்து வந்து, தையல் மிஷினுக்கு ஆயுத பூஜையில் வைப்பது போல ரம்ப மிஷினுக்கு மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். நானும் கும்பிட்டுக்கொண்டேன்.

மரக்கடையில் ஒரு பக்கம் மட்டும் தேக்குத் தோல் ஒட்டிய பிளைவுட் துண்டு ஒன்று கிடைத்தது. பெரிய பலகையில் மிஞ்சிய துண்டு. நல்ல பக்கம் தேன் நிறத்தில் ரேகை ரேகையாக அவ்வளவு அழகு. உள்பக்கம் கரும்புள்ளியும், ஒட்டுப்போட்ட கட்டமுமாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன். ஜெராக்ஸ் தாளில் பசை தடவினேன். பலகையைத் திருப்பி, உள்பக்கத்தில் தாளை ஒட்டினேன்.

ஏன் உள்பக்கம் என்று அந்த நேரம் யாராவது கேட்டிருந்தால், அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பேன். துணியில் கோடு போடுவது எப்போதும் உள்பக்கம்தானே? நல்ல பக்கத்தில் சாக் கோடு தெரிந்தால் எந்தக் கஸ்டமர் சும்மா இருப்பாள்? அந்தத் தேக்கு ரேகை மேல் பசை படக்கூடாது என்று அவ்வளவு கவனமாக, அவ்வளவு பெருமையாக ஒட்டினேன். ஜாக்கெட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. துணியை இரட்டையாக மடித்து வெட்டுவதால் இடமும் வலமும் தானாகவே ஜோடியாக வந்துவிடும். மலைக்கு ஜோடி கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் தீபம். உச்சியில் டிரிலால் ஓட்டை போட்டு, பிளேடை மேலே கழற்றி, ஊசியில் நூல் கோர்ப்பது போல அந்த ஓட்டைக்குள் விட்டு, மறுபடி மாட்டி, உள்ளேயே சுற்றி அறுக்க வேண்டும். நூல் கோர்ப்பது எனக்குப் பழகிய வேலை. அறுப்பதுதான் இன்னும் பழகவில்லை. ஒரு துளி என்று ஆரம்பித்தது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பிறகு மலையின் விளிம்பு. ஒரு கல், ஒரு மடிப்பு விடாமல் கோட்டிலேயே போனேன். மருமகள் காலேஜில் ஏதோ சர்டிபிகேட் வாங்கப் போயிருந்தாள், அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். கடைசிச் சரிவு முடிந்து, மேல்துண்டு தனியாக விழுந்தபோது என் காது இரண்டும் சூடாக இருந்தது. தாளைக் கூட உரிக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

மாடியில் நல்ல பக்கத்தை என்னைப் பார்த்துத் திருப்பி, மலைக்கு நேராகக் கையில் தூக்கிப் பிடித்தேன். தோள் வலது பக்கம் இருந்தது. மலையில் இடது பக்கம் இருந்தது. எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. திருப்பினேன், தோள் சரியாக வந்தது, ஆனால் முன்னால் தெரிந்தது பசையும் தாளும் கரும்புள்ளியும். மறுபடி திருப்பினேன். தேக்கு அழகாக இருந்தது, மலை தப்பாக இருந்தது. அதுவும் போதாதென்று, பிளேடின் பல் கீழ்நோக்கி வெட்டுவதால் அடிப்பக்கமாக இருந்த தேக்கு ஓரமெல்லாம் சிராய் சிராயாகக் கிளம்பியிருந்தது. நான் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "இதுக்குப் போயா? திருப்பி மாட்டிட்டா போச்சி. உள்பக்கத்துல பெயின்ட் அடிச்சிடலாம்" என்றார்.

"உள்பக்கத்த வெளியில போட்டுக்கிட்டு யாராவது ஜாக்கெட் போடுவாங்களா?" என்று கத்தினேன். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

வேறு பலகை வாங்கி மறுபடி அறுக்கலாம் என்றால் அடுத்த நாள் பௌர்ணமி. ஊருக்குள் ஆட்டோ வராது, பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், தெருவெல்லாம் ஜனம். மரக்கடைக்காரரும் கடையை மூடிவிட்டு வாசலில் மலை சுற்ற வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருப்பார். அதற்கடுத்த நாள் அவளை ஓசூருக்குக் கூட்டிப்போக அவளுடைய அம்மா அப்பா வந்துவிடுவார்கள். மலையைத் துணியில் சுற்றி மிஷினுக்குப் பின்னால் செருகினேன். அவளுக்கு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்துவிடலாம், ஊர் உலகம் அதைத்தான் செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு ஆறவில்லை.

பௌர்ணமி அன்று மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். அவர் சாயந்திரம் கிளம்புவதற்காகக் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மருமகள் தன் துணிகளைக் கட்டப் பழைய பெட்ஷீட் தேடி மிஷின் இருந்த அறைக்குள் போனாள். போனவள் கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தேள் கொட்டிவிட்டது என்று கரண்டியோடு ஓடினேன்.

இரண்டு கையிலும் மலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல பக்கம் அவளைப் பார்த்து இருந்தது.

"அத்தை! இது எங்க வீட்டு மலை! நீங்க எப்ப எங்க ஊருக்குப் போய் வரைஞ்சீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க வீட்டு மலையா?"

"ஆமாங்க அத்தை. எங்க மல்லாட்டைக் கொல்லையில நின்னு பார்த்தா இப்பிடியேதான் இருக்கும். தோள் இந்தப் பக்கம், எறக்கம் இந்தப் பக்கம். உங்க மாடில இருந்து பார்க்கறப்பல்லாம் எனக்கு என்னமோ மாதிரி இருக்கும், மலைய யாரோ மாத்தி வெச்ச மாதிரி. எங்க வீட்டு மலைய செஞ்சிருக்கீங்களே!"

வேர்க்கடலை போட்டிருக்கும் அவர்கள் நிலம் மலைக்கு நேர் மேற்கே. நாங்கள் கிழக்கே நின்று பார்க்கிற இடது அங்கே வலது. ஒரு ஜன்னலுக்கு உள்ளே நிற்பவளும் வெளியே நிற்பவளும் ஒரே கம்பி வளைவைப் பார்க்கிற மாதிரி. இத்தனை வருடம் மலையடியில் இருந்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. நான் கிழக்கே நின்று படம் பிடித்து, உள்பக்கம் ஒட்டி, மேற்கு மலையை அறுத்திருக்கிறேன்.

"ஆமா, உனக்காகத்தான்" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு நல்ல பேராகப் போயிருக்கும். அதற்குள் எண்ணெய்க் காலோடு வந்த மனுஷன், "உங்க ஊரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க அத்தை தாள மாத்தி ஒட்டிட்டா. நேத்துல இருந்து சோறு எறங்கல அவளுக்கு" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி, இன்னும் உரிக்காத தாளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் எனக்கும் தாங்கவில்லை.

"சரி சரி. பின்பக்கத்துல இருந்து பார்த்தா அப்பிடித்தான் தெரியும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "எது அத்தை பின்பக்கம்?"

"உங்க ஊருப் பக்கம்தான். கோயில் இங்க இருக்கு, கோபுரம் இங்க இருக்கு. சாமி இந்தப் பக்கம் பார்த்துதானே இருக்காரு."

"யாரு சொன்னது? எங்க ஊருக் கோயில்தான் ஆதி. மொதல்ல அங்கதான் இருந்தாரு. உங்களுக்கெல்லாம் அப்பறம்தான் கட்டினாங்க. பின்பக்கமாம் பின்பக்கம்! உங்க பக்கம்தான் பின்பக்கம்."

"ஏய், ஊரு பேரே எங்க பக்கம்தான் இருக்கு."

"பஸ் ஸ்டாண்டும் உங்க பக்கம்தான் இருக்கு. அதுக்காக சாமி பஸ் ஸ்டாண்டப் பார்த்து ஒக்காந்துட்டாரா?"

"நான் மாசாமாசம் சுத்தறவன் சொல்றேன், ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்குது" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன் நான். "மாமா, நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள்.

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவர் மலை சுற்றப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, உப்புத்தாளை ஆளுக்கொரு துண்டு கிழித்து, சிராயைத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அவள் வாய் திறந்துகொண்டே போனது. தோள் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டுமாம். தீபம் ரொம்பப் பெரிசாம், அடுப்பு எரிகிற மாதிரி இருக்கிறதாம். "ஏன் அத்தை, சாம்பார்ல வெல்லம் போடுவீங்களே, அது எதுக்கு?" என்றாள் திடீரென்று. ஒரு வருடம் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவள். "இனிமே போடல" என்றேன். "இனிமே போட்டா எனக்கென்ன, நான்தான் போறேனே" என்றாள். எனக்கு அது இனிப்பாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

ஆனால் மறுநாள் அவளுடைய அம்மா அப்பா வந்ததும் அவள் பழையபடி ஆகிவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள். நான் வெல்லம் போடாமல் வைத்த சாம்பாரை, "நல்லா இருக்குங்க அத்தை" என்றாள். மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பின்னால் ஒரு கொக்கியும் அடித்த மலையைப் பெட்ஷீட்டில் சுற்றித் துணி மூட்டைக்கு நடுவில் வைத்தாள். வண்டி ஏறும்போது காலில் விழுந்து, "ரொம்ப நன்றிங்க அத்தை" என்றாள். நன்றி! பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கடன் வாங்கியவர் சொல்கிற மாதிரி. அந்த ஒரு மத்தியானம் ஏதோ பௌர்ணமி மயக்கத்தில் நடந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

பால் காய்ச்சுவதற்கு நாங்களும் ஓசூர் போய் வந்தோம். அன்றைக்கு மூட்டை எதுவும் பிரித்திருக்கவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மகன் போன் செய்வான், கடைசியில் அவளிடம் கொடுப்பான். சௌக்கியமா அத்தை, சாப்டீங்களா அத்தை, நாங்க நல்லா இருக்கோம் அத்தை. மலையை மாட்டினாயா என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். கேட்டால், மாட்டாவிட்டாலும் மாட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் ஓடிப்போய் மாட்டுவாள். அப்படி ஒரு மாட்டல் எனக்கு வேண்டாம். மகனிடம் கேட்டேன். "எந்த மலைம்மா?" என்றான். ஆண்பிள்ளையைப் பெற்ற பலன்.

மழை ஆரம்பித்த சமயம், ஒரு புதன்கிழமை காலை, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள் பெயர். அவளாகவே, வாரத்தின் நடுவில், அதுவரை கூப்பிட்டதில்லை. பதறிப்போய் மாவுக் கையோடு எடுத்தேன்.

"அத்தை, எனக்கு உங்க மேல கோவம்" என்றாள். சௌக்கியமா கூட இல்லை.

"ஏம்மா, இன்னா ஆச்சி?"

"அவ்ளோ பெரிய மலைக்குப் பின்னால ஒரே ஒரு கொக்கி வெச்சி அனுப்பியிருக்கீங்க. ஃபேன் போட்டா போதும், சாஞ்சிடுது. மூட்டையப் பிரிச்ச நாள்ல இருந்து தெனமும் காலைல எழுந்து மொத வேலையா நான்தான் நேரா நிமித்தி வெக்கறேன். உங்க பையன்கிட்ட சொன்னா ம் ம்முங்கறாரே தவிர நிமிந்துகூட பார்க்க மாட்டறாரு. இன்னிக்கி மலை கீழயே விழுந்துடுச்சி. நல்லவேளை, ஒடையல. ரெண்டு கொக்கி வெச்சிருக்கணுமா இல்லியா, நீங்களே சொல்லுங்க?"

"வெச்சிருக்கணும்" என்றேன்.

"அப்ப வந்து வெச்சிக் குடுங்க."

"இப்பவா?"

"பின்ன எப்ப? அடுத்த தீபத்துக்கா? வந்துட்டு அன்னிக்கே பஸ் ஏறலாம்னு நெனைக்காதீங்க. மாமா அங்க சமாளிச்சிப்பாரு. இங்க எனக்குச் சண்ட போடக்கூட ஆளு இல்ல அத்தை" என்றாள். பிறகு, "வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இன்னாவாம்?" என்றார்.

"என் வேலைல குறை சொல்றா. ஒழுங்கா செய்யலையாம். வந்து திருத்திக் குடுக்கணுமாம்."

"அதுக்கு ஏன்டி அழுவற?"

நான் கையைக் கழுவிக்கொண்டு, கொக்கி வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.